பாத்துக்குங்க

பீர்மேடு,
12-7-1936

சேசு, மரி, சூசை துணை.

என் அன்புள்ளவருக்கு, கத்தரீனாள் எழுதுவது. சர்வேசுரன் தயவால் நானும் உங்கள் அம்மாவும் நலம். வயிற்றில் இருப்பதும் நன்றாகவே உதைக்கிறது. மழை விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒழுகுவதால் பிள்ளைகளை ஒரே மூலையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. விமானம் வேலியில் மோதியும் உங்களுக்கு நெற்றியில் தையலோடு போயிற்று என்று படித்ததும் மாதா படத்துக்கு முன் முழங்காலில் விழுந்தேன். எழுந்து மறுபடி படித்தபோதுதான் கோபம் வந்தது. உங்களிடம் பறக்கப் பழகும் செங்கோட்டையன், விமானம் இறங்குகிற நேரத்தில் பயந்து ஓட்டும் பிடியை விட்டுவிட்டானாம். உங்களிடம் ஒப்படைத்த பிறகே விட்டதாகப் பொய் சொல்கிறானாம். வியாழக்கிழமை விசாரணையில் அவனை நீக்கச் சொல்லப் போகிறீர்களாம்.

இரண்டு இருக்கைக்கும் நடுவே உள்ள பேசும் குழாயில் அவன் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "காத்து தள்ளுதுங்க, பாத்துக்குங்க." நீங்களும் "சரி" என்றிருக்கிறீர்கள். அவன் கொழிஞ்சாம்பாறைப் பையன், என் ஊர்க்காரன். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் இனி உங்கள் பொறுப்பு என்று அர்த்தம். நீங்களோ "மழை வருது பாத்துக்கோ, சோறு குழைஞ்சிட்டு பாத்துக்கோ" என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஆள். உங்கள் வீட்டில் அது பேச்சுக்கு நடுவே வரும் இருமல் மாதிரி, தனி அர்த்தம் கிடையாது.

கலியாணமான புதிதில் "அடுப்புல பால் இருக்குதுங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நான் தண்ணீருக்குப் போனது நினைவிருக்கிறதா? அன்றைக்கும் "சரி" என்றுதான் சொன்னீர்கள். திரும்பி வந்தால் பால் பொங்கி அடுப்பே அணைந்திருந்தது. நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்க ஆளுக எல்லாத்துக்கும் பாத்துக்கோன்னுதான் சொல்லுவோம். அதுக்காவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பையனையும் ஒருத்தி பெற்றிருப்பாளே என்றார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் நீங்கள். பிடி யார் கையில் என்று கேட்டு உறுதி செய்திருக்க வேண்டியவரும் நீங்கள்தான். என் வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால், நான் சொன்னது அதன் காதில் எப்படி விழுந்தது என்றுதான் முதலில் பார்ப்பேன். நடந்ததைச் சொன்னால் உங்கள் வேலைக்கே ஆபத்து வரலாம். போனால் போகட்டும் என்று சொல்ல, இந்த நிலையில் எனக்கும் வாய் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பறக்க வந்தவனைப் பொய்யன் என்று துரத்திவிட்டு நாம் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

இங்கே சரிவில் கொழுந்துக் கூடையைக் கைமாற்றும்போது, வாங்குகிறவள் "வாங்கிட்டேன்" என்று சொல்லாமல் கொடுக்கிறவள் கையை எடுக்கமாட்டாள். அந்த வழக்கத்தை ஆகாயத்திலும் வைக்கலாமே. விசாரணையில் உங்கள் தப்பைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர்களும் மனிதர்கள்தான், காது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அப்புறம் செங்கோட்டையனையே முதலில் ஏற்றி இந்த வழக்கத்தைப் பழக்குங்கள்.

மாதா உங்கள் இருவரையும் பத்திரமாகத் தரையிறக்கட்டும். அந்தப் பையனைப் பாத்துக்குங்க. இதை என் ஊர்ப் பேச்சாகவே படியுங்கள். வாங்கிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை நான் கையை எடுக்கமாட்டேன்.

தங்கள்
கத்தரீனாள்