ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பாடுவது

இன்று காலை கடையின் பின்னறையைத் துப்புரவாக்கும்போது உன் மைக் கையில் அகப்பட்டது. தலைப்பக்க வலையில் உன் சிவப்பு லிப்ஸ்டிக் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். நீ ஓயாமல் சூப்பும் மென்தால் இனிப்பின் மணம். ஈரத்துணியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். துடைத்து யாருக்குக் கொடுக்கப்போகிறேன்?

முதன்முதலாக லண்டன் மிச்சம் பகுதியிலுள்ள என் இந்தப் போன் கடைக்கு நீ வந்தது உன் போனுக்குக் கண்ணாடி மாற்ற. ஸ்ட்ரெதம் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, யூனிபோமைக்கூடக் கழற்றாமல் பஸ்ஸில் வந்திருந்தாய். வியாபாரம் இல்லாத நேரம், நான் பேஸ் கிற்றாரைத் தட்டிக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்காமல் அதன்மேல் பாடத் தொடங்கினாய். சிம் கார்ட் வாங்க வந்த மனுசன் வந்த அலுவலை மறந்துபோய் நின்றார். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரலை எங்கே வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்கு யோசனை.

பிறகு உன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாய். பள்ளிக்கூடம் முடித்த கையோடு மணிலாவில் ஒரு பாரில், நாலு ஆம்பிளைகளின் ராக் பாண்டுக்கு முன்னால் நின்றது. சொந்தப் பாட்டுகளோடு ஒரு கசெற் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அது ரேடியோவில் ஓடியது. அப்பா இறந்ததும் வீட்டுச் செலவைப் பார்க்க ஹோட்டல் பாண்டில் சேர்ந்து துபாய், ஒசாக்கா என்று அலைந்தது. "அங்கே மற்றவர்களின் பாட்டை மெதுவாகப் பாடினேன். சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதாம்" என்று பல்லைக் கடித்தாய். கடைசியில் வயதானவர்களைப் பராமரிக்கும் கேரராக லண்டனுக்கு வந்தாய்.

நான் பேஸ் வாசிக்கும் எங்கள் கல்யாண பாண்டில் உன்னைச் சேர்த்தது என் கெட்டித்தனம் என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறேன். டூட்டிங்கில் ஒரு பெண்பிள்ளையின் பூப்பு விழாவில், சாமத்திய வீட்டில், இடைவேளைக்கு உன் ராக் பாட்டொன்றைப் பாடவிட்டோமே! நீ முழங்காலில் விழுந்து கத்த, ஒரு பெரியம்மா தண்ணீர்ப் போத்தலோடு மேடைக்கு ஓடிவந்தா. "ஐயோ, பிள்ளைக்கு ஏதோ செய்யுது, பிடியுங்கோ!" நீ அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு மிச்சப் பாட்டையும் பாடினாய். அதன்பிறகு உன் வேலை ரோட்டாவைப் பார்த்து, ஷிப்ட் இல்லாத இரவுகளில் ஸ்ட்ரெதம் பப் ஒன்றில் உன் பாட்டுகளை மட்டும் வாசித்தோம். ஒருநாள் நிகழ்ச்சியை அப்படியே பதிந்தோம். உன் இரண்டாவது அல்பம் அதுதான் என்று துள்ளினாய்.

ஞாயிறு காலைகளில் கடை திறக்கமுன் இந்த அறையிலிருந்து அம்மாவுக்குப் போன் எடுப்பாய். கண் தெரியாத அம்மா. தங்கச்சி போனைக் காதில் பிடிக்க, நீ பாடுவாய். அப்படி ஒரு ஞாயிறு என் அம்மாவைப் பற்றிக் கேட்டாய். பாரிசில் என் தமையன் இறந்ததை அவவுக்கு நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை என்றேன். நீ கொதித்துப்போனாய். "அண்ணை, அம்மாவை ஏமாத்த ஏலாது. பாவம்." உனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழையும் திரட்டி அதைச் சொன்னாய்.

பிறகு உன் தொண்டையில் கான்சர். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்ப இடமுண்டு என்றார் டொக்டர். பக்கத்தில் நான் இருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். உன் தோல் ஜாக்கெட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ டொக்டரைப் பார்த்து "ஓம்" என்றாய். அவருக்கு விளங்கவில்லை. நான்தான் யெஸ் என்று சொன்னேன்.

அறுவைக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, மணிலாவிலிருந்து போன் அடித்தது. கழுத்தில் கட்டோடு இருந்த நீ சிறு பலகையில் எழுதிக் காட்டினாய். "அம்மாவுக்குத் தெரியவேண்டாம். அந்தப் பதிவைப் போடு." போட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அக்கா மேடையில் நிற்கிறாள், கதைக்க நேரமில்லை, பாட்டைக் கேள் என்று, விஷயம் தெரிந்த தங்கச்சி அம்மாவிடம் சொன்னாளாம். கைதட்டலும் கேட்டதால் அம்மா நம்பிவிட்டா.

குரலைக் கொடுத்தும் உயிர் மிஞ்சவில்லை. மாசிக் குளிரில் போய்விட்டாய். தங்கச்சி வந்து உன் சாம்பலைக் கொண்டுபோனாள். அம்மாவின் காதுக்கு எட்டக்கூடாதென்று வேறு ஊர்த் தேவாலயத்தில் வைத்திருக்கிறாள். போகும்போது என் கையைப் பிடித்தாள். "ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அம்மாவின் நெஞ்சு தாங்காது."

நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ பாடுகிறாய். ஆனால் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் ஒரு இருமல் இருக்கிறது. அன்று பப்பில் அதை நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அம்மா கவனித்துவிட்டா. வாராவாரம் கேட்கிறா. "இவளுக்கு இருமல் இன்னும் மாறவில்லையே, டொக்டரிடம் காட்டினாளா?" தங்கச்சி அதை மொழிபெயர்க்கும்போது அவளுடைய குரலும் உடைகிறது.

அந்த இருமலை வெட்டி எடுப்பது பெரிய வேலையில்லை. இரண்டு தரம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். மற்றதெல்லாம் பாட்டு. அந்த ஒன்றுதான் வெறும் நீ. கை போகவில்லை.

போன ஞாயிறு அம்மா தங்கச்சியை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் என்னிடமே கேட்டா. நீ என்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாயாம். "நீ அவளுக்கு அண்ணன் மாதிரி. நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீயே கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டு."

கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா என்று சொன்னேன். வருகிற ஞாயிறும் நீ இருமத்தான் போகிறாய்.