ஏரோதுக்கு மெழுகுதிரி

என் பிள்ளைக்கு,

நாரந்தனைச் சந்தியில் அப்பாவின் சிலையைத் திறந்துவிட்டார்கள். காலமெல்லாம் கூத்தில் பாலகரைக் கொன்ற ஏரோது அரசனாக உறுமிய மனிதருக்கு அந்தோனியாரின் சாந்த முகம்! சிற்பி கோயில்களுக்குப் புனிதர் சுரூபங்கள் மட்டுமே செய்து பழகியவராம். சனம் மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைக்கிறது.

"இது என்ர மனுசன் இல்லை, இடிச்சுப்போடுங்கோ" என்றேன்.

அப்பாவோடு கூத்தாடிய யாக்கோபு அண்ணை, "ஓம் தங்கச்சி, அவரில்லைத்தான். ஆனா சனம் கும்பிடத் தொடங்கிட்டுது. இனி இடிக்க ஏலாது" என்கிறார்.

கோபம் தாங்காமல் நேற்று நானே போய், அந்த முகத்துக்கு நேரே நின்று வாய் நோக ஏசினேன். உயிரோடிருந்தபோது வீட்டில் நான் ஏசும்போதெல்லாம் நிற்பதுபோலவே, ஒரு சொல்லும் பேசாமல் நின்றார்.

அவர்தான், பிள்ளை. இனி ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

நாளைக்கும் ஏசப் போகிற,
உன் அம்மா