துபாஷி திருமேனி உரக்க வாசிக்க வேண்டிய திருமுகம்

கொற்றம் ஓங்குக. மலையும் கடலும் எல்லையாக வெண்ணிநாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோமான் விசயகண்டனாகிய நாம், நம் துறைமுகக் கோட்டையின் தலைவரும், நம் பாட்டனார் காலந்தொட்டு நமக்காக வாளெடுத்த குடியில் வந்தவருமான சேனாதிராயர்க்கு எழுதுவித்த திருமுகம். உமது கோட்டையும் குடியும் நலம் பெறுக.

உமக்கு எழுத்து வாராது என்பதை நாம் அறிவோம். ஆதலின் வழக்கம்போல் இவ்வோலையைச் சபை நடுவே உமக்கு வாசிப்பவன், உம் மகளை மணந்த துபாஷி திருமேனியே என்பதையும் அறிவோம். ஓலை கொணர்ந்த தூதன் இதனை நெட்டுருப் போட்டு வந்து அருகே நிற்கிறான். மருமகன் ஒரு வரியையும் விழுங்க வேண்டா.

சென்ற திங்களில் இங்கிலீசுக் கப்பித்தான் நம் கொலுவுக்கு வந்தபோது, அவன் மொழியிலேயே பேச மனங்கொண்டு, ஐ ஸே யூ என்று தொடங்கினோம். மொழிபெயர்க்க நம் அருகில் நின்ற திருமேனி குறுக்கிட்டு, அவ்விடத்தில் டெல் என்றே வரவேண்டும் என்றான். ஸே என்பது வாயினின்று வரும் சொல்லையே நாடும் என்றும், கேட்பவர் ஒருவரும் இன்றியே அது நிற்கும் என்றும், டெல் என்பதோ பெரும்பாலும் கேட்பவரை அருகிலேயே வைத்துக்கொண்டுதான் நடக்கும் என்றும் சபையோர்க்கு விரித்துரைத்தான். கப்பித்தான் சிரித்தான். நம் மந்திரிகளிலும் இருவர் சிரித்தனர். அவர்களை அன்றே அனுப்பிவிட்டோம்.

வேறு துபாஷிகளை அழைத்து விசாரித்ததில், திருமேனி உரைத்தது முற்றும் சரியே என்றனர். பிழையாக இருந்திருந்தால் மன்னித்திருப்போம். சரியாக இருந்தது நம் நெஞ்சில் இன்னும் எரிகிறது.

ஆகவே அவன் விரித்துரைத்த அந்த ஸே என்பதையே அவனுக்குக் கொடையாக அளிக்கிறோம். அவன் நாவைத் தீண்டோம். உமது இல்லத்திலேயே உண்டு உடுத்து வாழ்க. எந்நேரமும் எதையும் சொல்லிக்கொண்டிருக்கட்டும். ஆயின் அவன் சொல் காதில் விழுந்ததாக எவரும் தலையசைக்கவும் மறுமொழி கூறவும் கூடாது. கருவுற்றிருக்கும் உம் மகளுக்கும் இதுவே ஆணை. பிறக்கும் பிள்ளை அவனை அப்பா என்று அழைக்கும் பருவம் வரும்போது, அதன் வாயைப் பொத்துவது பாட்டனாராகிய உமது கடமை. மறுமொழி கூறும் நா, யாருடையதாயினும் அறுபடும்.

வாசிப்பு முடியும் கணத்தில் இவ்வாணை நடப்புக்கு வரும். நம் புலி முத்திரை கீழே பதிந்துள்ளது. சேனாதிராயரே, ஓலையை வைத்துவிட்டு அவன் இப்போது உம்மை மாமா என்று அழைப்பான். நீர் கடலைப் பார்த்துக்கொண்டிரும்.