மேசையைத் திருப்பச் சொன்னது நான்தான்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குறை சொல்லும்படி ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே அதுபோலவே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் இரண்டு வரி வந்தால் எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் திரையில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் முன்னறையில் வேலை பார்க்கிற சாக்கில் இதை எழுதுகிறேன், பல் டாக்டரிடம் பொய்ப்பல் செட்டைக் கொடுக்கப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். தாளில் எங்காவது இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் பயந்துவிடாதே, ஈறு செய்கிற மெழுகுதான்.

செய்தி என்று பார்த்தால், சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டது, மாடிக்குக் குடிவந்தவர்கள் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கப் பழகிவிட்டார்கள், உன் பழைய சைக்கிளை அம்மா யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள். டாக்டர் எனக்குக் கொடுத்த ஃபெங் சுயி புத்தகத்தை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. அவருடைய கிளினிக்கைச் சீனர்கள் முறைப்படி மாற்றி வைத்தபிறகு நோயாளிகள் கத்துவது குறைந்திருக்கிறது என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார். காற்று, தண்ணீர் என்று அந்தப் பேருக்கு அர்த்தமாம், வீட்டுக்குள் நல்ல சக்தி காற்றுபோல, தண்ணீர்போலத் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டுமாம். அதற்கு அம்மா சொன்னது, பல்லு செய்யறவருக்குக் காத்தும் வேணாம் தண்ணியும் வேணாம், மொதல்ல அந்த மேசையத் தொடைச்சு வைங்க, எல்லா சக்தியும் தானா வரும் என்று. சரி, அவளுக்காகத் துடைத்தும் வைத்தேன். அப்புறம் புத்தகத்தில் உள்ளபடி மேசையை இழுத்து, முதுகுக்குச் சுவரும் முகத்துக்குக் கதவும் இருக்கிற மாதிரிப் போட்டேன். கூர்மையான எதுவும் உட்காருகிறவரைப் பார்த்து நிற்கக்கூடாது என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. என் மேசையில் முப்பத்திரண்டு பல் எப்போதும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும், அவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். நான்காம் நாள் ஒரு செட் திரும்பி வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சம் முதுகுப்பக்கம் போய்விட்டதால் நிறம் பிடிபடாமல், முன்பல் இரண்டும் மற்றதைவிட ஒரு பங்கு மஞ்சளாகப் போயிருந்தது. சத்தம் போடாமல் மேசையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று அம்மா இரண்டு நாள் சொல்லிக்காட்டினாள்.

அவள் சொன்னது உன்னை வைத்துத்தான். என் மேசை பழைய இடத்துக்கு வந்துவிட்டது, நீ வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற மேசையைத் திருப்ப வைத்தவனும் நான்தானே. நான் ஏன் அப்படி நச்சரித்தேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பின்னால் வந்து உன் தோளில் கை வைத்தார், நீ தூக்கிவாரிப் போட்டு எழுந்து, காபி கீபோர்டில் கொட்டியது. நீங்கள் இரண்டுபேரும் சிரித்துவிட்டீர்கள். ஆனால் அந்த ஒரு நொடி உன் முகத்தை நான் திரையில் அத்தனை பக்கத்தில் பார்த்தேன், சின்ன வயதில் காய்ச்சலில் பயந்து எழுவாயே, அதே முகம். கழுத்துவலி, தூக்கம் சரியில்லை, புது மேலதிகாரி நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடுகிறார் என்று நீ அப்பப்போ சொன்னதெல்லாம் சேர்ந்துகொண்டது. நாள் முழுக்க வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு ஆறவில்லை. தூரத்திலிருந்து நான் வேறு என்ன செய்துவிட முடியும், மேசையைத் திருப்பு என்று சொல்லத்தான் முடிந்தது. நான்கு வாரம் விடாமல் சொன்னேன். நீயும் திருப்பிவிட்டு, ஆமாப்பா, இப்ப யாரு வந்தாலும் தெரியுது, நிம்மதியாத்தான் இருக்கு என்றாய். எனக்கு ஒரே பெருமை. டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைத்தது. உனக்குப் பின்னால் வெறும் சுவர். வெள்ளைச் சுவர், ஒரு ஸ்விட்ச். ஐந்து வருஷமாக உன் தோளுக்கு மேலே அந்தக் கதவு திறந்தே இருந்தது, அதற்குள் நடைவழி, அதன் கோடியில் சமையலறை விளக்கு. வாண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியதை நாங்கள் உன் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தோம். மாப்பிள்ளை துணிக்கூடையோடு போவார், அடுப்பில் ஏதோ ஆவி பறக்கும், வாண்டு ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு அந்தப் பக்கம் ஓடும், திரும்பி வரும்போது அதுவும் இருக்காது. அம்மா உன்னோடு பேசிக்கொண்டேதான் இருப்பாள், கண் மட்டும் அங்கே போய்வரும். போனை வைத்தபிறகு எனக்குச் சொல்வாள், மாப்பிள்ள எளச்சிட்டாரு, நடையில பல்பு மாத்தியிருக்காங்க, வாண்டுக்கு அந்தச் சட்ட பத்தல என்று. அந்த வாரம் பூராவும் அவளுக்கு அது போதும். இப்போது ஐந்து நிமிஷம் உட்காருகிறாள், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள். போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்டதற்கு, செவுரு சௌக்கியமா இருக்கு, பாத்துட்டேன், போதும் என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவது.

போன மாதம் வாண்டுக்கு முதல் பல் விழுந்ததே, அதை நீ போகிறபோக்கில் சொன்னாய், அது விழுந்து பத்து நாளாச்சேப்பா என்று. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருக்கிறது. நீ கூப்பிட்டதும் வாண்டு வந்து நின்றது, ஓட்டையைக் காட்ட வெட்கப்பட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையாட்டிவிட்டு ஓடிவிட்டது. பழைய மேசையாக இருந்தால் நடைவழியில் ஓடும்போது வாயைத் திறந்து சிரித்திருக்கும், நாங்கள் பார்த்திருப்போம். பல்லிலேயே பிழைப்பு நடத்துகிறவன், சொந்தப் பேத்தியின் பல் விழுந்ததைப் பத்து நாள் கழித்துத் தெரிந்துகொள்கிறேன்.

நீ ஒன்றும் செய்யாமல் இல்லை, எனக்குத் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாய். மாப்பிள்ளை வாசல்வரை வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி வணக்கம் சொன்னார், வாண்டு போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றது, நீயும் கலைந்திருந்த கட்டிலைக் காலால் சரிசெய்துகொண்டே போனாய். அம்மா எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். அவளுக்கு வேண்டியது அந்தக் கலைந்த கட்டில்தான். யாரும் எங்களை நினைத்துக்கொண்டு நிற்காதபோது உங்கள் வீடு எப்படி இருக்கிறதோ அதைத்தான் நாங்கள் ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கும் அதற்குத்தான் ஏக்கமாக இருக்கிறது, அம்மாவின்மேல் பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

மேசையைப் பழையபடி திருப்பு என்று நான் கேட்கமாட்டேன். உன் கழுத்து தேவலை என்கிறாய், தூங்குகிறாய், அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. நேற்று ஒரு செட்டின் உள்பக்கத்தைச் சின்னக் குச்சிக் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் தோன்றியது. நாற்காலியை மட்டும் வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, சவரம் செய்கிற கண்ணாடியை என் முதுகுக்குப் பின்னால் சுவர் ஆணியில் மாட்டி, போனை முன்னால் நிறுத்திவைத்துப் பார்த்தேன். என் தோளுக்கு மேலே வாசல் கதவு நன்றாகத் தெரிந்தது, தெருவில் ஒரு வண்டிகூடப் போனது. நீயும் உனக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடி மாட்டு, ஒன்றரை அடி அகலம் இருந்தால் தாராளம், தலைக்கு இடதுபுறம் கொஞ்சம் சாய்த்து. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்தால் பக்கபலம் போய்விடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அதனால் வேலை நாளில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பேசுகிறபோது மட்டும் மாட்டிவிட்டு அப்புறம் கழற்றிவிடு, ஒரு மணி நேரத்தில் எந்தச் சக்தியும் ஓடிப்போகாது. இன்னொன்றும் பார்த்தேன். போன் திரையும் அந்தக் கண்ணாடியில் விழுகிறது. உன் கண்ணாடியில் உன் கம்ப்யூட்டர் தெரியும், அதற்குள் நானும் அம்மாவும் கட்டைவிரல் அளவுக்கு உட்கார்ந்திருப்போம், எங்களுக்குப் பின்னால் உன் கதவு. மூன்று வருஷமாக நீங்களும் வர முடியவில்லை, நாங்களும் வர முடியவில்லை, இப்படியாவது உன் அறைக்குள் இருந்துவிட்டு வருகிறோம்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர்மேல் ஒருவர் சலிப்பில்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்ததுதான். தண்ணீர் குடி, கடைசி அழைப்பு முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரை மூடி வை. வாண்டுக்குப் புதுப்பல் நேராக முளைக்கும், நாக்கால் தள்ளாமல் இருக்கச் சொல், இது தொழில்முறையில் சொல்வது. மறக்காமல் ஒன்று செய். கண்ணாடி அப்பா சொல்லி மாட்டியது என்று அம்மாவிடம் மூச்சுவிடாதே, அழகுக்கு மாட்டினேன் என்று சொல். அவள் வழக்கம்போல ஐந்து நிமிஷத்தில் எழுந்துகொள்ளப் பார்ப்பாள், அந்த நேரம் வாண்டு நடைவழியில் ஓட வேண்டும். மறுபடி உட்கார்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள் பார், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா