ஒன்பது எம்.எம். அலமாரி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு எழுதினால் அத்தான் கையில் கிடைக்கும். போனில் சொன்னால் நான் போடுகிற சத்தம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் காதில் நேராகப் போய் விழும்.

என் நீலச் சட்டையின் கை கிழிந்ததே, அது எதில் மாட்டியது தெரியுமா? அத்தான் புதிதாகச் செய்து உன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறாரே, அந்த அலமாரியின் பக்கப் பலகையில். தடவிப் பார்த்தேன். ஸ்க்ரூ நுனி. ஒன்றல்ல, வரிசையாக இருக்கின்றன. வெளியே எட்டிப் பார்த்ததை எல்லாம் அரம் வைத்து ராவி, மேலே பெயின்ட் பூசி மறைத்திருக்கிறார்.

அக்கா, அது ஒன்பது எம்.எம். பிளைவுட். அலமாரிக்கு முதுகாக அடிக்கிற பலகை. அதிலேயே மொத்த அலமாரியையும் செய்து, போதாததற்கு பாக்கெட் ஹோல் வேறு போட்டிருக்கிறார். பலகையின் ஓரத்தில் சாய்வாகத் துளைத்து, ஸ்க்ரூவை அந்தத் துளைக்குள் ஒளித்து, அடுத்த பலகையோடு இறுக்குகிற வேலை அது. பலகை கனமாக இருந்தால் அருமையான வேலை. எங்கள் மரப் பட்டறையில் நானே தினமும் செய்கிறேன். மெல்லிய பலகையில் செய்தால் ஸ்க்ரூவின் தலை உட்காரும் இடத்தில் அட்டை கனம்தான் மிஞ்சும். நீள ஸ்க்ரூ போட்டால் மறுபக்கம் வந்து என் சட்டையைக் கிழிக்கும். குட்டை ஸ்க்ரூ போட்டால் பிடிக்கவே பிடிக்காது. அவர் இரண்டையும் கலந்து போட்டிருக்கிறார், பசை கூடத் தடவவில்லை. அதன் மேல் உன் பீங்கான் தட்டுகள், கண்ணாடி ஜாடிகள், இரும்புச் சட்டி. அடியில் நின்றுகொண்டு நீ சமைக்கிறாய்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். "பாத்தியா, ஒரு ஸ்க்ரூ கூட வெளியே தெரியல" என்று அவர் கதவைத் திறந்து திறந்து காட்டியபோது நீதான் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாய். டீயோடு சேர்த்து பேச்சையும் விழுங்கிவிட்டு வந்தேன்.

தயவு செய்து அதைக் கழற்றச் சொல்.

உன் அன்புத் தங்கை

ஜூன் 11

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு ஆபீஸ் என்றும் பார்க்காமல் மேஜையை ஓங்கித் தட்டினேன். எதிரில் இருந்தவர் பயந்துவிட்டார்.

பாக்கெட் ஹோல் போடுகிற அந்த ஜிக் கருவியை அவருக்கு வாங்கிக் கொடுத்தது யார்? பிறந்தநாள் பரிசு என்று பளபளப்புக் காகிதம் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியது யார்? "அத்தானுக்குப் பொழுது போகும்" என்று அப்போது சொன்னாய். பொழுது போகிறது. இப்போது அந்தப் பொழுதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாய். எந்தப் பலகைக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பரிசோடு சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

உனக்கு என்ன தெரியும்? அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து இந்த வீடு எப்படி இருந்தது என்று நீ பார்த்தாயா? காலையில் நான் கிளம்பும்போது எந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாரோ, சாயங்காலம் வரும்போதும் அதே நாற்காலியில் அப்படியேதான் இருப்பார். சவரம் கிடையாது, பேச்சு கிடையாது. தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், "நீ ஆபீஸ் போனப்புறம் இந்த வீட்ல நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டார். அன்றைக்கு ஆபீசில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த அலமாரியைச் செய்த பிறகுதான் மனிதர் மனிதராக இருக்கிறார். தலை வாரிக்கொள்கிறார். கடைக்குப் போகிறார். கடைக்காரரிடம் பலகை விலையில் பேரம் பேசி, ஜெயித்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்கிறார். அதைப் போய் நான் கழற்றச் சொல்ல வேண்டுமா? என் குடும்பத்தில் மூக்கை நுழைக்காதே. உன் சட்டைக்குப் பதில் வேறு சட்டை வாங்கி அனுப்புகிறேன்.

உன் அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டை வேண்டாம். சட்டையைப் பற்றியா நான் எழுதினேன்?

ஜிக்கை நான்தான் கொடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கழற்ற வேண்டாம், சரி. அலமாரியின் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில், இரண்டு ஓரத்திலும் விரல் கனத்துக்கு ஒரு மரக்கட்டையைப் பசை போட்டு ஒட்டி, நேராக ஸ்க்ரூ அடித்தால் போதும். பாரம் கட்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மத்தியான வேலை. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், ஏதோ பத்திரிகையில் படித்ததாகச் சொல். அதற்கும் மனம் வராவிட்டால், பாரமானதை எல்லாம் கீழே இறக்கிவை.

அத்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ அவரைப் பொத்திப் பொத்தி வைக்கிறாயே, அதன் மேல்தான் கோபம். அவர் பெரிய கம்பெனியில் பலரை வைத்து வேலை வாங்கியவர். தப்பு என்று சொன்னால் உடைந்துபோகிற பீங்கான் இல்லை.

உன் தங்கை

ஜூலை 2

அன்புள்ள தங்கைக்கு,

கட்டை யோசனையைப் பத்திரிகையில் படித்ததாகவே சொன்னேன். "கட்டை வச்சா அசிங்கமா தெரியுமே. ஒண்ணும் தெரியாம செய்யறதுதானே இதோட அழகு" என்று சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் மத்தியானம் படுத்துத் தூங்குகிற அறையில் பொம்மையும் புத்தகமும் வைக்க இதே மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "என் அலமாரியில வீட்டுப் பாத்திரம் பூரா இருக்கு, அசையல பாருங்க" என்று அவரிடம் சொன்னார். மறுநாளே பலகை வந்து இறங்கிவிட்டது. அதே ஒன்பது எம்.எம். தான். பேரத்தில் கிடைத்தது.

நான் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ கோபப்படத்தான் போகிறாய்.

அந்த அலமாரி காலி.

உன் முதல் கடிதம் வந்த வாரமே, அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். தட்டுகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஜாடிகள் துணி பீரோவில் புடவைகளுக்குப் பின்னால். இரும்புச் சட்டியை பால்கனி வாளிக்குள் வைத்து மேலே தரை துடைக்கிற துணியைப் போட்டிருக்கிறேன். சமையலறைக்குள் அவர் வந்தால் மட்டும் அலமாரிக் கதவைத் திறந்து எதையோ எடுக்கிற மாதிரி கையை விட்டு மூடுவேன். அவருக்கு வேண்டியதை எல்லாம் மேஜையிலேயே வைத்துவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன், டீச்சர் வந்தபோதும் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு கதவைத் திறக்க விடவில்லை. சர்க்கரை வேண்டுமென்றால் புடவையைத் தள்ளி எடுக்கிறேன், ஆபீசுக்குக் கட்டிப் போகிற புடவையில் எல்லாம் மிளகாய் வாசனை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. இத்தனைக்கும் காரணம் நீ. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நானும் நிம்மதியாக அதன் அடியில் நின்று சமைத்திருப்பேன்.

இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் அக்கா

ஜூலை 6

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ என்ன காரியம் செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? காலி அலமாரி எப்படி விழும்? அது விழாததைப் பார்த்துத்தானே அவர் அடுத்ததைச் செய்கிறார். அந்த அறையில் சின்னஞ்சிறுசுகள் படுத்துத் தூங்குகின்றன. அவற்றின் தலைக்கு மேலே மரப்பொம்மையும் அட்டைப் புத்தகமும் அடுக்குவார்கள், யாரும் அங்கே வந்து உனக்காக எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் மறைக்கப் போவதில்லை. உன் புருஷன் முகம் வாடக் கூடாது, அதற்காக ஊரார் பிள்ளையின் தலை உடையலாமா?

இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே அவரிடம் சொல். இல்லையென்றால் நானே அந்த டீச்சருக்குப் போன் செய்வேன். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அத்தான் எப்படி நடப்பார் என்று யோசித்துக்கொள்.

தங்கை

ஜூலை 15

அன்புள்ள தங்கைக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த நாளுக்கு முதல் நாளே அவர் காப்பக அலமாரியைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்திருந்தார். உன் கடிதத்தைப் படித்து முடித்ததுமே அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அலமாரிக் கதவு இரண்டையும் திறந்து காட்டினேன். துடைப்பதற்காக எடுத்துவைத்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். நீ எழுதியது, நான் ஒளித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நேரே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவந்து, பீரோவிலிருந்து ஜாடிகளையும் வாளியிலிருந்து சட்டியையும் தூக்கிவந்து, ஆத்திரத்தோடு தானே அடுக்கினார். கீழ்த்தட்டு முழுக்கப் பீங்கானும் கண்ணாடியும் இரும்பும். அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எப்படி என்று கேட்கிற பார்வை. ஒரு நிமிடம், நீதான் பொய் சொல்லியிருக்கிறாய் என்று நானும் நினைத்தேன், சந்தோஷப்பட்டேன்.

பிறகு துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்தத் தட்டின் இடது பக்கம் பிய்த்துக்கொண்டு இறங்கியது. அவர் சட்டென்று இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "எடு" என்றார். அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொன்றாக எடுத்து இறக்கினேன். அவசரத்தில் சர்க்கரை ஜாடியை நானே போட்டு உடைத்தேன். மற்றபடி ஒன்றும் ஆகவில்லை.

பிய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உன் தங்கச்சி என்னைத் திட்டியிருக்கா. திட்டினா நான் சரிபண்ணுவேன்னு அவளுக்குத் தோணியிருக்கு. நீ என்னை நோயாளி மாதிரி பாத்துக்கிட்டே."

அப்படியே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனார். குழந்தைகளை வேறு அறையில் படுக்க வைக்கச் சொல்லி, அலமாரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்து வந்தார். தப்பாகச் செய்துவிட்டேன், கனமான பலகையில் வேறு செய்து தருகிறேன் என்று டீச்சரிடம் அவரே சொன்னாராம். டீச்சர்தான் எனக்குப் போன் செய்து உங்கள் வீட்டுக்காரர் தங்கமானவர் என்றார். அது எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. முன்பு போல நாற்காலியில் முடங்கவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். காலையிலேயே எழுந்து பலகை அறுக்கிறார், விசில் அடிக்கிறார், பால்காரரோடு அரட்டை அடிக்கிறார். என்னைக் கண்டால் மட்டும் வாய்ப்பூட்டு. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார். நேற்று ஒரு துண்டுக் காகிதத்தை என் கைப்பையில் வைத்திருந்தார். ஏதோ எனக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று ஆசையோடு பிரித்தேன். பதினெட்டு எம்.எம். பலகைக்கு எவ்வளவு நீள ஸ்க்ரூ, பசை காய எவ்வளவு நேரம் ஆகும் என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். அதை இதோடு வைத்திருக்கிறேன்.

இது எந்த ஊர் நியாயம்? அவர் முகம் கோணக் கூடாது என்று இடுப்பொடிய உழைத்தவள் நான். ஏசியவள் நீ. உன்னிடம் யோசனை கேட்கிறார், என்னிடம் உப்புப் போதுமா என்று கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். நீ சொன்னது எல்லாம் சரி, ஒவ்வொரு எழுத்தும் சரி. அதற்காக உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையவில்லை.

நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், இனி முடியாது. மூக்கை நுழைக்காதே என்று நான்தான் எழுதினேன், நினைவிருக்கிறது. ஸ்க்ரூக் கணக்கை அவருக்கு எழுதும்போது, கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடு. அக்காவோடு பேசச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

உன் அக்கா