பள்ளி வாசலில் எடுத்த படம்

அன்பு மகன் டங்கனுக்கு,

நானும் அப்பாவும் ஏதோ இருக்கிறோம், அந்த டார்வின் நகரத்து வெயிலில் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எங்களுக்கு நலம். போனில் பேசினால் நடுவில் ஒரு சொல் வராமல் நின்றுவிடுகிறேன், நீ அவசரப்பட்டு வேறு சொல்லை எடுத்துக் கொடுக்கிறாய், நானும் அலுப்பில் ஆமாம் என்றுவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே அல்வர்ஸ்டனில் மழை விடவில்லை, உருளைக்கிழங்கு நிலமெல்லாம் சேறு, அப்பாவுக்கு முழங்கால் வலி, முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நரம்பை அரிக்கும் இந்த எம்.எஸ். நோய் காலைப் பிடித்தபோதுகூட நான் இவ்வளவு சோர்ந்ததில்லை, இப்போது புத்தியிலும் கைவைத்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து இமோஜன் என்றொரு பெண் வந்து என்னைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்திருக்கிறாள். மனம் தடுமாறுகிற இடத்தை நீங்களே படம் எடுங்கள், கூடி உட்கார்ந்து பேசுவோம், பிறகு நூலகத்தில் மாட்டுவோம் என்றாள். கெட்டிலை ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததை எடுத்தேன், ஈரத்துணியைக் காயப்போடாமல் மடித்து அடுக்கியதை எடுத்தேன், கூட்டத்தில் காட்டி எல்லோரும் சிரித்தோம்.

ஒரு படத்துக்கு மட்டும் சிரிக்க முடியாது. போன வாரம் மாத்திரை வாங்கக் கிளம்பினேன், கார் நின்றது உன் பழைய பள்ளி வாசலில். பிள்ளைகள் வெளியே வந்தார்கள், அத்தனை தொப்பிகளுக்கு நடுவில் உன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன் டங்கன். பிள்ளைகள் சாலை கடக்கக் கொடி பிடிக்கும் பெவர்லி கண்ணாடியைத் தட்டி, "என்ன ரோவீனா, எங்களுக்குத் தெரியாம பேரன் வந்துட்டானா?" என்று கேலி செய்தாள். அப்போதுதான் நீ வளர்ந்துவிட்டது உறைத்தது. பிள்ளைகள் போனபின் வெறும் வாசலைப் படம் எடுத்தேன்.

அதைப் பார்த்த அப்பா, "பையன் ஞாபகம் வந்துருச்சாக்கும்" என்று தோளைத் தட்டினார். ஆமாம் என்றேன், அது பொய்யுமில்லை. வியாழக்கிழமை கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் கார் சாவி போய்விடும், இந்தப் பண்ணைச் சாலையில் காரில்லாமல் நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். படத்தை அழித்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அத்தனை பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு வண்டியை எப்படி ஓட்டி வந்தேன் என்பதே நினைவில் இல்லை, பயமாக இருக்கிறது. இன்று சாப்பிட்டதும் அப்பாவிடம் எல்லாம் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அவரிடம் எனக்காகச் சண்டைக்குப் போகாதே.

கடவுள் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடி. கிறிஸ்துமஸுக்கு வரும்போது விமான நிலையத்தில் என்னைத் தேடி நிற்காதே, பஸ் பிடித்து வந்துவிடு.

உன் அம்மா,
ரோவீனா