கிரகணத்தன்று நறுக்கிய வெண்டைக்காய்

கவிதாவின் அப்பாவுக்கு, இப்போதும் அன்போடுதான் எழுதுகிறேன்.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. மண்ணூரில் எல்லோரும் சௌக்கியம். கவிதாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வாய் ஓயாமல் பேசுகிறாள். பிறக்கும்போதே அவள் கழுத்தில் இருந்த அந்தச் சின்ன ஓட்டைதான் போன மாதம் சீழ் பிடித்து வீங்கிவிட்டது. பஸ் பிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன்.

அந்த ஓட்டைக்கு உங்கள் அம்மா சொன்ன காரணம் ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் மாதம், கிரகணத்தன்று, நான் அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கினேனாம். வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பி, குழந்தையின் கழுத்தைத் துடைக்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டரம்மா வெண்டைக்காய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "வயித்துல ரெண்டாவது மாசமே கழுத்துல மடிப்பு மடிப்பா வரும்மா. அதுலேர்ந்துதான் தொண்டைக் குருத்தெலும்பு, சில சுரப்பிங்க எல்லாம் உருவாகும். அப்புறம் மடிப்பு மூடிக்கும். இவளுக்கு ஒண்ணு சரியா மூடல. அவ்ளோதான்."

ரெண்டாவது மாசம்! நாள் தள்ளிப்போயிருக்கிறது என்ற அளவுக்குத்தான் அப்போது எனக்கே தெரியும்.

"சில குடும்பத்துல இது தொடர்ந்து வரும். அப்பாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் கழுத்துத் தழும்பு கண்முன் வந்தது. சின்ன வயதில் காத்தாடி விடும்போது மாஞ்சாக் கயிறு அறுத்தது என்பீர்களே, அது. அதே பக்கம், அதே இடம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி, செத்தவன் மேல பழி போடுறியா?" என்று எகிறினார். நான் விடவில்லை. கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா. கொயந்தையிலயே ஆபரேசன் பண்ணிக்கினு வந்தோம். வெளிய சொன்னா எவ பொண்ணு குடுப்பா? அவனுக்கே தெரியாதுடி. மாஞ்சான்னு சொல்லித்தான் வளத்தோம்."

உங்களுக்குத் தெரியாதா? நிஜமாகவா? மகனைக் காப்பாற்ற அத்தை எதையும் சொல்வார். குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கி, கழுத்தைப் பார்த்ததும் உங்கள் கை சட்டைக் காலருக்குப் போனது. வியர்வை துடைக்கிறீர்கள் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்களோடுதானே குடித்தனம் செய்திருப்பேன்?

அடுத்த வாரம் அவளுக்கு ஆபரேஷன். தழும்பு ஏது என்று கவிதா கேட்கும் நாளில் உள்ளதைச் சொல்வேன், சத்தியம். அப்பா வழியில் வந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். அப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டால் மட்டும், தெரியாது என்பேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவளாவது நம்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, கவிதாவின் அம்மா